தானியங்கிக் கியர் பெட்டியில் எண்ணெய் அழுத்தக் கோளாறு: மின்சாரப் பிழையைக் கண்டறியும் முறை

பேராவூரணி வட்டாரம் கல்லணைக் கால்வாயின் கடைமடையைச் சேர்ந்தது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணையோடு கூடப் பாசனத்துக்கு வந்த இக்கால்வாயின் நீர், மேல்மடை நிலங்களையெல்லாம் கடந்து இவ்விடம் வந்து சேர நாட்கள் பல ஆகின்றன. ஆகையால் இங்கே நடவும் பிந்துகின்றது, அறுப்பும் பிந்துகின்றது. மற்றைய இடங்களில் தை மாதத்திலேயே நெல் களத்துக்கு வந்துவிட, இங்கே மாசி கடந்தும் கதிர் வயலில் நிற்பதுண்டு. ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால் உழவு, அறுப்பு, நெல்லையும் தேங்காயையும் ஏற்றிச் செல்லுதல் ஆகிய யாவும் இப்பொழுது யந்திரத்தையே நம்பியிருக்கின்றன. அப்பருவத்தில் ஒரு வண்டி ஒரு வாரம் நின்றுவிட்டால், அந்த ஒரு வாரத்தில் மழை ஒன்று பெய்தாலும் போதும், சாய்ந்த கதிர் முளை கட்டிவிடும்.

அவ்வாறு நிற்கும் வண்டிகளில், கியர் தானாக மாறும் வகையைச் சேர்ந்தவை வருஷத்துக்கு வருஷம் அதிகரித்து வருகின்றன. வண்டி உதறுகின்றது, அல்லது இழுக்க மறுக்கின்றது என்றவுடனே கியர் பெட்டியை இறக்கிப் பிரித்துவிடுவது வழக்கமாக இருக்கின்றது. பெட்டியைப் பிரிப்பதும் மறுபடி கோப்பதும் பெருஞ் செலவு. அதற்கென்று பயின்ற கை வேண்டும். சேற்றுக் கையும் தூசியும் உள்ளே சென்றால் நல்ல பெட்டியும் கெட்டுப்போகும். இவ்வளவும் செய்த பின்பு, குற்றம் பெட்டிக்கு வெளியே பச்சைக் களிம்பு பிடித்த ஒரு கம்பி முனையில் இருந்தது என்று தெரியவருமாயின், அந்தச் செலவு முழுதும் வீண். ஆகவே எண்ணெய் அழுத்தத்தை ஆளும் மின்சாரப் பகுதியை முதலில் எவ்வாறு சோதித்துக்கொள்ளுவது என்பது இங்கே விளக்கப்படுகின்றது. இதற்கு வேண்டிய கருவி, சாதாரணக் கடைகளில் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையுமே.

எவ்வெந்த வண்டிகள்

முதலாவது, முழுத் தானியங்கிக் கியர் பெட்டி பூட்டிய கார்களும் அவற்றைப் போன்ற வண்டிகளும். இரண்டாவது, கிளட்சை மிதியாமலே ஒரு சிறு கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளி வண்டியை முன்செலுத்தவும் பின்செலுத்தவும் கூடிய சில புதிய டிராக்டர்கள். இவ்வமைப்புக்குப் பவர் ஷட்டில் என்றும் பவர் ரிவர்சர் என்றும் பெயர். மூன்றாவது, பழைய கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியர் போடும் கைக்கும் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் விசைகளை அமைத்த கார்கள். 2014ஆம் ஆண்டில் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து இம்மூன்றாம் வகை நம் நாட்டில் மிகவும் பரவியிருக்கின்றது.

நெல் அறுக்கும் செயின் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோஸ்டாட்டிக் என்னும் வேறு முறை. பம்பு தள்ளும் எண்ணெயே நேரே ஒரு மோட்டாரைச் சுழற்றி வண்டியை நகர்த்துகின்றது. அதன் அழுத்தக் கோளாறுகள் பெரும்பாலும் எண்ணெய், பில்டர், பம்பு ஆகியவற்றைப் பற்றியவை. ஆயினும் கம்பிகளையும் கனெக்டர்களையும் பற்றிக் கீழே சொல்லப்படுவன அதற்கும் பொருந்தும்.

அழுத்தம் எவ்வாறு ஆளப்படுகின்றது

தானியங்கிக் கியர் பெட்டி புதிய பொருளன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1939ஆம் ஆண்டிலேயே ஹைட்ராமாட்டிக் என்ற பெயரால் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. வில்களும் நெம்புகோல்களும் சுழல் குண்டுகளுமே அழுத்தத்தை ஆண்டன. அந்த வேலையை மின்சார வால்வுகளும் ஒரு சிறு கணிப்புப் பெட்டியும் ஏற்றுக்கொண்டது பிற்காலத்தில்தான். கணிப்புப் பெட்டியைக் கண்ட்ரோலர் என்றும், கம்பிச் சுருளால் இயங்கும் மின்சார வால்வைச் சாலினாய்டு என்றும் தொழிலாளர்கள் வழங்குகின்றார்கள். இக்கட்டுரையிலும் அவ்வாறே வழங்கப்படும்.

பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். என்ஜின் ஓடும் வரையில் பம்பு எண்ணெயை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கின்றது. அது தேவைக்கு அதிகமாகவே தள்ளும். அதிகப்பட்டதைத் தொட்டிக்குத் திருப்பிவிட ஒரு வடிமதகு உண்டு. வடிமதகைச் சாத்தினால் வாய்க்காலில் நீர் ஏறுவது போல அழுத்தம் ஏறும், திறந்தால் இறங்கும். அம்மதகின் பலகையை ஏற்றி இறக்குவதே அழுத்தச் சாலினாய்டின் வேலை. எப்பொழுது எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கண்ட்ரோலர் தீர்மானித்து, அதற்குத் தக்க மின்சார ஓட்டத்தை அனுப்புகின்றது. பாரம் அதிகமாகும்போது கியர் பெட்டியினுள் இருக்கும் கிளட்ச் தகடுகளை இறுகப் பிடிக்க அழுத்தம் அதிகம் வேண்டும். மெல்ல ஓடும்போது குறைந்த அழுத்தமே போதும்.

இவ்வகைக்கு அளவு ஒன்று சொல்லுவதானால், 1990களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்த 4எல்60-ஈ என்னும் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். முன்னோக்கி ஓடும் நிலையில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 55 ராத்தல் முதல் 190 ராத்தல் வரையில் மாறும். சாலினாய்டுச் சுருளின் தடை 20 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 3 முதல் 5 ஓம். அதில் ஓடும் மின்சாரம் அதிகப்பட்சம் ஏறக்குறைய 1 ஆம்பியர். இதில் கவனிக்கத் தக்க விசேஷம் ஒன்று உண்டு. 1 ஆம்பியர் ஓடும்போது அழுத்தம் மிகக் குறைவு. மின்சாரம் முற்றும் அற்றுவிட்டால் அழுத்தம் மிக அதிகம்.

இது தலைகீழாக இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் காரணத்தோடுதான் அவ்வாறு அமைத்திருக்கின்றார்கள். கம்பி அறுந்தால் அழுத்தமும் அற்றுவிடும் என்று வைத்திருந்தால், கிளட்ச் தகடுகள் நழுவிச் சில மைல்களுக்குள் கருகிவிடும். கம்பி அறுந்தால் அழுத்தம் ஏறிவிடும் என்று வைத்தபடியால், வண்டி உதறினாலும் வீடு வந்து சேரும். இன்றைய கார்களிலும் பெரும்பாலும் இவ்வமைப்பே காணப்படுகின்றது.

டிராக்டரின் பவர் ஷட்டில் விஷயம் வேறு. அங்கே சாலினாய்டு வடிமதகு அன்று; வயலுக்கு நீர் விடும் மடை. மின்சாரம் வந்தால் மடை திறந்து, முன் கிளட்சுக்கோ பின் கிளட்சுக்கோ எண்ணெய் செல்லும். மின்சாரம் அற்றால் வில் அதை மூடிவிட, கிளட்சில் இருந்த எண்ணெய் வடிந்து வண்டி நின்றுவிடும். வண்டிக்குப் பின்னால் சுழல் கலப்பையும் சுற்றிலும் ஆட்களும் இருக்கும் இடத்தில், பழுது வந்தால் வண்டி ஓடுவதைக் காட்டிலும் நிற்பதே மேல் அல்லவா?

ஆகவே நோயின் குறியிலிருந்தே பாதி விஷயம் விளங்கும். கார் ஒன்று கியர் விழும்போதெல்லாம் சம்மட்டியால் அடித்தாற்போல் உதறுமாயின், அழுத்தம் ஏறி நிற்கின்றது. சாலினாய்டுக்கு மின்சாரம் போகவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அதே கார் என்ஜின் கூவியும் வேகம் பிடியாமல் நழுவுமாயின், அழுத்தம் குறைவு. அப்பொழுது மின்சாரத்தை விட எண்ணெய்க் குறைவு, அடைபட்ட பில்டர், தேய்ந்த பம்பு, சிக்கிய வால்வு ஆகியவற்றையே முன்னே நினைக்க வேண்டும். டிராக்டரில் இது மாறி நிற்கும்: கைப்பிடியைத் தள்ளியும் வண்டி அசையாமல் இருந்தாலோ, முன்னே மட்டும் சென்று பின்னே வர மறுத்தாலோ, மின்சாரமே முதற் சந்தேகம். இவ்வேற்றுமையை அறியாமல் ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதனால்தான் பல நல்ல பெட்டிகள் பிரிக்கப்படுகின்றன.

இவ்வட்டாரத்தில் கம்பிகள் கெடும் விதம்

பேராவூரணியிலிருந்து மல்லிப்பட்டினத்துக் கடல் அதிக தூரத்தில் இல்லை. உப்புக் காற்று செம்பின் மீதும் ஈயப் பூச்சின் மீதும் களிம்பை உண்டாக்குகின்றது. சேற்றுழவின்போது இரும்புச் சக்கரம் வாரி எறியும் சேறு கியர் பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் அப்பி, கனெக்டர்களின் ரப்பர் வளையம் கெட்டிருந்தால் அதன் வழியே உள்ளே கசிகின்றது. பருவம் முடிந்தபின் வண்டியைக் கழுவும்போது, அதிக விசையுள்ள நீர்க்குழாயைக் கனெக்டருக்கு நேரே பிடிப்பதும் அவ்வளவு தீமையே செய்யும். சேறு புகாத இடத்தில் அந்த நீர் புகுந்துவிடும்.

கீற்றுக் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எலிகள் கூடு கட்டுகின்றன. அவை ஒயரின் மேலுறையைக் கடிக்கும். செம்பை முழுதும் அறுக்காமல் ஓரிரண்டு இழைகளை மட்டும் மிச்சம் வைத்துவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட ஒயர் மீட்டரில் நன்றாயிருப்பதாகவே காட்டும். வேலை செய்யும்போது மட்டும் கைவிடும்.

மனிதர் செய்யும் கேடுகளும் சிறியன அல்ல. டிராக்டரில் கூடுதல் விளக்குகளும் ஊதுகுழல்களும் பாட்டுப் பெட்டியும் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. அவற்றுக்கு மின்சாரத்தைக் கைக்கு எட்டிய ஒயரிலிருந்து, உறையைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி எடுத்துவிடுகின்றார்கள். அந்த ஒயர் கண்ட்ரோலருக்குச் செல்லும் ஒயராக இருந்துவிட்டால், விளக்குப் போடும்போதெல்லாம் கண்ட்ரோலருக்கு வோல்ட்டேஜ் குறைகின்றது. இரவில் மட்டும் கியர் உதறும் வண்டிகளின் மர்மம் பெரும்பாலும் இதுவே. மற்றொன்று, கலப்பையின் விரிசலை வண்டியில் மாட்டியபடியே மின்சார வெல்டிங் செய்வது. வெல்டிங் மின்சாரம் தனக்கு எளிதான வழியை நாடிச் செல்லும். அவ்வழி கண்ட்ரோலரின் ஊடாக அமைந்தால் அது அக்கணமே பாழாகும். வெல்டிங் செய்யுமுன் பாட்டரியின் இரு முனைகளையும் கழற்றி, இயன்றால் கண்ட்ரோலர் கனெக்டரையும் விடுவித்து, எர்த் பிடியை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். கலப்பையைக் கழற்றித் தனியே செய்வது எல்லாவற்றினும் உத்தமம்.

சோதனையின் வரிசை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிராக்டராயின் பின் சுழல் தண்டை நிறுத்திவிட்டே எதையும் தொடங்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம் அன்று, எண்ணெய். அதன் மட்டம் கைப்புத்தகத்தில் சொல்லிய முறைப்படி இருக்கின்றதா, கருகல் நாற்றம் வீசுகின்றதா, அடியில் உலோகப் பொடி மின்னுகின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கருகிய எண்ணெயும் உலோகப் பொடியும் காணுமாயின், தகடுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கின்றன. மின்சாரச் சோதனை அதற்கு மருந்தாகாது. எண்ணெய் நன்றாயிருந்தால் மேலே செல்லலாம்.

அடுத்தது பாட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பின்பு அதன் முனைகளில் 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதனை முதலில் சரி செய்யாமல் வேறெதையும் சோதிப்பதில் பயனில்லை. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையில் வருவது சாதாரணம். வோல்ட்டேஜ் குறைந்த கண்ட்ரோலர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொய்க் குற்றங்களைப் பதிவு செய்துகொள்ளும் இயல்புடையது.

பாட்டரிக்குப் பின் எர்த். இதுவே மிக அதிகமாகக் கெடுவதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதுமான இடம். வண்டிக்கு வர்ணம் அடித்தவர் எர்த் பட்டையின் அடியிலும் அடித்துவிட்டிருக்கலாம். துருவும் சேறும் இடையே புகுந்திருக்கலாம். என்ஜினை ஓடவிட்டு, விளக்குகளையும் போட்டு, மீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றொரு முனையைக் கியர் பெட்டியின் வர்ணமற்ற உலோகத்திலும் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டியபடியால் மீட்டர் ஏறக்குறையப் பூஜ்யம் காட்ட வேண்டும். பத்தில் ஒரு வோல்ட் வரையில் பாதகமில்லை; பத்தில் இரண்டுக்கு மேற்பட்டால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். கண்ட்ரோலருக்கென்று தனி எர்த் ஒயர் இருக்குமிடத்தில் அதனையும் இவ்வாறே பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது செய்ய வேண்டிய சோதனை இது. வண்டியை நிறுத்திவிட்டு ஓம் அளந்து பார்த்தால் உண்மை புலப்படாது.

அதன்பின் பியூஸ். பியூஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல், இரு காதுகளிலும் வோல்ட் வருகின்றதா என்று மாட்டியபடியே பார்க்க வேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் இங்கே நாசத்தை விளைவிக்கும். சில ரூபாய் பியூஸ் செய்ய வேண்டிய தியாகத்தைக் கண்ட்ரோலர் செய்ய நேரும்.

டிராக்டராயின் இவ்விடத்தில் ஒரு சோதனை அதிகம். கண்ட்ரோலர் சில அனுமதிகள் கிடைத்தாலன்றிச் சாலினாய்டுக்கு மின்சாரம் விடாது. கிளட்ச் மிதி மேலே வந்திருக்கின்றது என்று ஒரு சுவிட்ச் சொல்ல வேண்டும். கைப்பிடி எந்த நிலையில் இருக்கின்றது என்று மற்றொன்று சொல்ல வேண்டும். சில வண்டிகளில் ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்திருக்கின்றார் என்பதையும் ஒரு சுவிட்ச் தெரிவிக்க வேண்டும். இருக்கையின் அடியில் உமி புகுந்து அந்தச் சுவிட்ச் அழுந்தாமற் போனால், பெட்டியும் சாலினாய்டும் கம்பியும் குற்றமற்றிருக்க, வண்டி மட்டும் அசையாது. ஆகையால் சாலினாய்டைத் தொடுமுன் இந்தச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது முறை.

சுருளையும் கம்பியையும் அளத்தல்

இனிச் சாலினாய்டுச் சுருள். சாவியை மூடி, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கியர் பெட்டியின் கனெக்டரை விடுவித்து, சுருளின் இரு முனைகளுக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றும் சாலினாய்டுகளின் தடை பெரும்பாலும் சில ஓம்களே. திறப்பதும் மூடுவதுமாக மட்டும் இயங்கும் சாலினாய்டுகளில் அதைவிட அதிகமாக இருக்கும். சரியான அளவு இன்னதென்று அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்திலேயே பார்க்க வேண்டும். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

அளவு இவ்வளவு சிறியதாக இருப்பதால் இரண்டு பிழைகள் நேரும். மீட்டரின் சொந்த ஒயர்களே அரை ஓம் வரையில் காட்டக்கூடும். ஆகவே முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னர் வரும் அளவிலிருந்து கழிக்க வேண்டும். மற்றொன்று உஷ்ணம். செம்பின் தடை உஷ்ணம் ஏற ஏற அதிகரிக்கும். 20 டிகிரியில் 4 ஓம் உள்ள சுருள், எண்ணெய் 90 டிகிரிக்குச் சூடேறிய நிலையில் ஏறக்குறைய 5.1 ஓம் காட்டும். அது பழுதன்று. ஆனால் குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து, ஒரு மணி நேரம் உழுத பின்பு தடை எண்ணற்றதாகிவிடும் சுருளும் உண்டு; உள்ளே முறிந்த கம்பி சூட்டில் விரிந்து விலகுகின்றது. காலையில் நன்றாயிருந்து பத்து மணிக்கு நிற்கும் வண்டியைச் சூட்டோடு சூடாகவே அளக்க வேண்டும். ஆறவிட்டு அளந்தால் குற்றம் மறைந்துவிடும்.

சுருளின் ஒவ்வொரு முனைக்கும் கியர் பெட்டியின் உலோகத்துக்கும் இடையேயும் அளக்க வேண்டும். பெட்டியின் உடம்பையே எர்த்தாகக் கொண்ட சாலினாய்டைத் தவிர மற்றவற்றில் அங்கே தொடர்பே இருத்தல் கூடாது.

சுருள் சரியென்று கண்டபின், கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, கண்ட்ரோலர் முனையிலுள்ள கனெக்டரை விடுவித்து, அங்கிருந்து அதே சுருளை அளப்பது மிகவும் பயனுள்ள சோதனையாகும். இப்பொழுது வரும் அளவில் சுருள், போகும் ஒயர், வரும் ஒயர், இடையிலுள்ள கனெக்டர்கள் யாவும் அடக்கம். கியர் பெட்டியில் 4 ஓம் காட்டியது கண்ட்ரோலர் முனையில் 24 ஓம் காட்டுமாயின், நடுவழியில் 20 ஓம் தடை ஒளிந்திருக்கின்றது.

அந்த 20 ஓம் செய்யும் தீங்கைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட்டை 24 ஓமால் வகுத்தால் வருவது அரை ஆம்பியர். கண்ட்ரோலர் எவ்வளவு முயன்றாலும் அதற்கு மேல் மின்சாரம் ஓடாது. 1 ஆம்பியர் ஓடினால்தான் அழுத்தம் முற்றும் இறங்கும் என்றிருக்க, பாதியே ஓடுவதால் அழுத்தம் மேலேயே நிற்கின்றது, வண்டி உதறுகின்றது. ஆனால் இதே ஒயரைச் சத்தம் எழுப்பும் நிலையில் வைத்துப் பார்ப்பவருக்கு, பல மீட்டர்கள் 20 ஓம் இருந்தாலும் கீச்சென்று ஒலித்து நன்றென்று சொல்லிவிடும். சாலினாய்டு ஒயர் விஷயத்தில் அந்த ஒலியை நம்பலாகாது. எண்ணையே படிக்க வேண்டும். அளக்கும்போது ஒருவர் ஒயர்க் கட்டை அங்கங்கே பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே வந்தால், எண் துள்ளும் இடத்தில் முறிவு இருக்கும்.

களிம்பு பிடித்த கனெக்டரை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது தவறு. மெல்லிய பூச்சு போய்விட்டால் மறுபடி விரைவில் களிம்பு பிடிக்கும். மின்சார முனைகளுக்கென்று விற்கும் தெளிப்பான் கொண்டு கழுவி, உலரவிட்டு, ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் புதியது போட்டு மாட்ட வேண்டும். மீட்டரின் கூர்முனையைப் பெண் துளைக்குள் திணித்து அகலப்படுத்துவதும் புதிய பழுதுக்கு வித்திடுவதாகும். எலி கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு நில்லாமல், பற்றவைத்தோ தக்க முனைகளால் நெரித்துப் பிணைத்தோ, மேலே சூட்டில் சுருங்கும் உறையிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாலினாய்டு வேலை செய்கின்றதா என்று பார்க்கப் பாட்டரியிலிருந்து நேரே ஒயர் கொடுத்துத் தட்டிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். 4 ஓம் சுருளுக்கு 12 வோல்ட் நேரே கொடுத்தால் 3 ஆம்பியர் ஓடும். கண்ட்ரோலர் கொடுப்பதோ 1 ஆம்பியர். அதுவும் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை வெட்டி வெட்டி அனுப்பி அளவாக்குகின்றது. மூன்று மடங்கு மின்சாரம் ஒன்பது மடங்கு சூட்டை உண்டாக்கும். சுருள் கருகியபின், பழைய பழுது இன்னதென்று அறியவும் வழியிராது.

குறியீட்டு எண்கள்

கார்களில் கண்ட்ரோலர் தான் கண்ட குற்றத்தை எண்ணாகப் பதிந்து வைக்கின்றது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் இவ்வெண்கள் எல்லாக் கார்களுக்கும் பொதுவாக்கப்பட்டன. நம் நாட்டுக்கும் அம்முறை பின்னர் வந்தது. ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அவற்றைப் படித்துச் சொல்லுவார்கள். அழுத்தச் சாலினாய்டைப் பற்றியவை பி0745 முதல் பி0748 வரையிலும், பி0960 முதல் பி0963 வரையிலும் உள்ளவை. அவற்றுள் பி0748, பி0960, பி0962, பி0963 ஆகியன மின்சார வழியைக் குறிப்பன. பி0960 வழி அறுந்திருப்பதையும், பி0962 வோல்ட்டேஜ் தாழ்ந்திருப்பதையும், பி0963 உயர்ந்திருப்பதையும் தெரிவிக்கும். பி0746, பி0747 என்பன, மின்சாரம் சரியாகச் சென்றும் வால்வு சொன்னபடி நடக்கவில்லை என்று கூறுவன.

எண்ணைப் படித்தவுடன் சாலினாய்டை மாற்றிவிடுவது பெருந் தவறு. பி0960 என்பது சாலினாய்டு கெட்டது என்று சொல்லவில்லை. அந்த வழியில் எங்கோ அறுந்திருக்கின்றது என்றே சொல்லுகின்றது. அவ்வழியில் கண்ட்ரோலர், இரண்டு ஒயர்கள், கனெக்டர்கள், சுருள் என்று பல பேர் இருக்கின்றார்கள். ஒருவர் பெயரில் வந்த பிராதைக் கொண்டு அவரையே தண்டித்துவிடுவதில்லை, விசாரணை வேண்டும். டிராக்டர்களில் இவ்வெண்கள் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு வேறாக இருப்பதால், அந்தந்தக் கைப்புத்தகத்தைக் கொண்டே பொருள் காண வேண்டும். 2023 ஜனவரியில் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்தபின், என்ஜினிலும் கண்ட்ரோலர் புகுந்திருக்கின்றது. ஆதலால் என்ஜினைச் சேர்ந்த எண்ணைக் கியர் பெட்டியைச் சேர்ந்ததாக மயங்காதிருத்தலும் வேண்டும்.

மூன்றாம் வகைக் கார்களில் அழுத்தத்தை உண்டாக்குவதே ஒரு மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பும்போதோ கதவைத் திறக்கும்போதோ அப்பம்பு சில நொடிகள் ஓடும் ஓசை பெரும்பாலும் காதில் விழும். ஓசையே கேளாவிட்டால் பியூஸ், ரிலே, பம்பு மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். அடிக்கடி ஓடிக்கொண்டே இருந்தால் அழுத்தம் எங்கோ கசிகின்றது.

இறுதிச் சோதனை அழுத்தமானியே

மின்சார வழி முழுதும் சுத்தம் என்று தெளிந்த பின்னரே, கியர் பெட்டியிலுள்ள சோதனைத் துளையின் மூடியைக் கழற்றி அழுத்தமானியைப் பூட்ட வேண்டும். எண்ணெய் கொதிக்கும் சூட்டில் இருக்குமாதலால் இது பழகியவர் கைவேலை. ஸ்கேனர் மூலம் சாலினாய்டு மின்சாரத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே முள்ளைப் பார்க்க வேண்டும். மின்சாரம் மாற மாற முள்ளும் சீராக மாறுமாயின் சாலினாய்டும் வால்வும் நல்லவை. குறை வேறிடத்தில் இருக்கின்றது. மின்சாரம் மாறியும் முள் அசையாது நிற்குமாயின், சாலினாய்டின் காந்தம் இழுத்துக்கொண்ட இரும்புப் பொடியாலோ அழுக்காலோ வால்வு சிக்கியிருக்கின்றது. பெட்டியின் அடித் தட்டைத் திறக்க நியாயமான காரணம் அப்பொழுதுதான் ஏற்படுகின்றது. அதிலும் பல பெட்டிகளில் அடித் தட்டை மட்டும் இறக்கிச் சாலினாய்டை மாற்றலாமாகையால், பெட்டி முழுவதையும் கீழே இறக்க வேண்டியதில்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக வாடகைக்கு விடப்படும் வண்டிகளுக்குப் பழுதுச் செலவை மஞ்சூர் செய்யும் காரியதரிசிகளும், அவ்விஷயத்தில் யோசனை கேட்கப்படும் கிராம உத்தியோகஸ்தர்களும், கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று வரும் மதிப்பீட்டில் ஐந்து எண்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது பாட்டரி வோல்ட், எர்த்தில் இழக்கப்படும் வோல்ட், கியர் பெட்டி முனையிலும் கண்ட்ரோலர் முனையிலும் தனித்தனியே அளந்த சுருள் ஓம், அழுத்தமானி காட்டிய ராத்தல் என்பனவே அவை. மானியில் அது பி.எஸ்.ஐ. என்று பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றை எழுத மறுக்கும் பட்டறை, அளக்காமலே பிரிக்க நினைக்கும் பட்டறையாகத்தான் இருக்கும். வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே இந்த எண்களை ஒருமுறை எடுத்து வண்டியின் புத்தகத்தில் குறித்து வைத்தால், பழுது வந்த நாளில் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும்.

அறுப்பு முடிந்து வண்டியைக் கொட்டகையில் விடும் இம்மாதங்களில், கியர் பெட்டியின் வெளிக் கனெக்டர்களைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, மின்சார முனைகளுக்குரிய களிம்பைச் சிறிது தடவி, ரப்பர் வளையத்தோடு திரும்ப மாட்ட வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை மாட்டி, என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிடலாம். மேட்டூர் நீர் கடைமடைக்கு வந்து சேரும் முன்பாக ஒயர்க் கட்டுகளை ஒருமுறை கையால் தடவிப் பார்த்து, எலி கடித்த இடம் உண்டா என்று கண்டுகொள்ள வேண்டும்.